பூனை வேணும், அதன் கழிவு எருக்குழிக்கு வேணாம்

நெல் மூட்டை இருக்கிற வீட்டுல எலி இருக்கும். எலி இருக்கிற வீட்டுல பூனை வேணும். நஞ்சில்லா வேளாண்மைன்னு இறங்கிட்ட நமக்கு இது கூடுதலாவே பொருந்தும். எலிக்கு வைக்கிற நஞ்சு உருண்டையை எலி மட்டும்தான் தின்னும்னு எந்த உறுதியும் கிடையாது, முற்றத்துல மேயுற கோழியும் கொத்தும். அதனாலதான் விதை நெல்லையும் கடலை மூட்டையையும் நம்பி நம்மில் பலர் ரெண்டு பூனையாவது வச்சிருக்கோம்.

மாட்டுக்குக் கொட்டகை, கோழிக்குக் கூடு, ஆட்டுக்குப் பட்டின்னு எல்லாத்துக்கும் திட்டம் போடுறோம். சாணம் எங்கே போகணும், கோமியம் எந்தத் தொட்டியில சேரணும்னு கணக்கு வச்சிருக்கோம். ஆனா பூனை எங்கே போகணும்னு யாரும் யோசிக்கிறதில்லை. நாம யோசிக்கலைன்னா அது தானே இடம் பார்த்துக்கும். பொலபொலன்னு, காய்ஞ்சு, தோண்ட வாகா இருக்கிற மண்ணா பார்த்துப் போகும். அப்படிப்பட்ட மண் நம்ம பண்ணையில எங்கே இருக்கு? நேத்து கீரை விதைச்ச பாத்தியில இருக்கு, தக்காளி நாற்றங்கால்ல இருக்கு, வீடு கட்டக் கொட்டின மணல் குவியல்ல இருக்கு. மழைக்காலத்துல ஆட்டுக்கு வச்ச கடலைக்கொடிப் போர் மேலேயும் ஏறிடும்.

இதுல நாத்தம் மட்டும் பிரச்சனைன்னா சகிச்சுக்கலாம். உண்மையான சிக்கல் டாக்சோபிளாஸ்மா என்கிற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. இது எலி, ஆடு, மனிதர்னு பல உயிர்களின் உடம்பில் தங்கினாலும், முட்டை போன்ற அதன் உறைகளை வெளியே தள்ளுவது பூனை இனத்தின் குடலில் இருந்து மட்டும்தான். நோயுள்ள எலியை முதல் தடவையாகத் தின்ற இளம் பூனை, அதுக்குப் பிறகு ஒண்ணு முதல் மூணு வாரம் வரை மலத்தோடு இந்த உறைகளைக் கோடிக்கணக்கில் வெளியேற்றும். அதுக்கப்புறம் உடம்பில் எதிர்ப்பு சக்தி வந்துடும், பெரும்பாலும் மறுபடி தள்ளாது. ஆனா வெளியே வந்த உறைகள் ஈர மண்ணில் ஒரு வருஷத்துக்கு மேலேயும் உயிரோடு கிடக்கும்.

ஆடு வளர்க்கிறவங்க இதைக் கவனமாப் படிக்கணும். பூனை மலம் கலந்த தீவனத்தைச் சினை ஆடு தின்னு, அதுக்கு இது முதல் தொற்றா இருந்தா, குட்டி வீசிடும். இல்லேன்னா செத்துப் பிறக்கும், பிறந்தாலும் நோஞ்சானா நிக்கும். தீவனத்துல என்ன கோளாறு, கிடாவுல என்ன கோளாறுன்னு தேடுவோம், போர் மேல படுத்திருக்கிற பூனை நினைவுக்கே வராது. குட்டி வீசுறதுக்கு வேற காரணங்களும் நிறைய உண்டு, அதைக் கால்நடை மருத்துவர் பார்த்துத்தான் சொல்லணும். ஆனா தீவனத்தை மூடி வைக்கிறது நம்ம கையில இருக்கிற வேலை.

மனிதர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தொற்று வந்ததே தெரியாமப் போயிடும். கர்ப்பிணிக்கு முதல் முறையா வந்தால்தான் வயித்துப் பிள்ளைக்கு ஆபத்து. அதனால கர்ப்பிணிகள் பூனைத் தட்டைத் தொட வேண்டாம், வீட்டு ஆம்பளைங்க அந்த வேலையை எடுத்துக்கலாம். அதுக்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. சரியா வேகாத கறியிலிருந்தும், கழுவாத கீரையிலிருந்தும் இது வரும்.

இன்னொண்ணும் சொல்லணும். பண்ணையில இருக்கிற வயசான பூனையை விரட்டிட்டுப் புதுக் குட்டிகளைக் கொண்டுவர்றது தப்பான கணக்கு. கிழப் பூனைக்கு எதிர்ப்பு வந்திருக்க வாய்ப்பு அதிகம், புதுசு புதுசா வர்ற குட்டிகள்தான் உறைகளைத் தள்ளும். ரெண்டு மூணு வளர்ந்த பூனை, அதுவும் குடும்பக் கட்டுப்பாடு செய்த பூனை, பண்ணைக்குப் போதும். ஆண் பூனைக்கு அந்த அறுவை செய்துட்டா சுவர் சுவரா மூத்திரம் பீச்சுறதும், அந்தக் குடலைப் புரட்டுற நாத்தமும் பெரும்பாலும் குறைஞ்சிடும்.

ராத்திரி எலி பிடிக்க வீட்டுக்குள்ளயே அடைக்கிற பூனைக்குத் தட்டு ஒண்ணு கட்டாயம் வேணும். கடையில விற்கிற பெட்டி தேவையில்லை. பூனை உள்ளே நின்னு திரும்பிப் படுக்கிற அளவுக்கு அகலமான பிளாஸ்டிக் சாந்துச் சட்டியே போதும். ஒரு பூனைக்கு ரெண்டு, ரெண்டு பூனைக்கு மூணுன்னு ஒண்ணு கூடுதலா வைங்க. சோறு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல வைக்காதீங்க, தின்கிற இடத்துல பூனை போகாது.

உள்ளே என்ன போடுறது? பழைய காலத்துல எங்கேயும் மணலும் சாம்பலும்தான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1947இல் எட்வர்ட் லோ என்பவர், சாம்பல் போட்டு வீடெல்லாம் கரிக் காலடியாகிப்போன பக்கத்து வீட்டு அம்மாவுக்கு, உலர்ந்த களிமண் குருணையைக் கொடுத்தார். நாம முல்தானி மட்டின்னு முகத்துல பூசுறோமே, அந்த வகை மண். அதைப் பையில அடைச்சு விற்க ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு உலகம் முழுக்க நடக்கிற பெரிய வியாபாரம். பின்னால வந்தது ஈரம் பட்டா கட்டியாகிற பென்டோனைட். போர் போடும்போது குழிக்குள்ள ஊத்துறாங்களே, அதே களிமண். சுரங்கம் தோண்டி எடுத்த மண்ணைப் பூனை ஒரு தடவை நனைச்சதும் தூக்கி எறியுறோம். அது மக்கவும் மக்காது. நகரத்துல மாடி வீட்டுல இருக்கிறவங்களுக்கு வேற வழி இல்லாம இருக்கலாம். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நம்ம கையில இருக்கிறதுல முதலிடம் தென்னை நார்த்தூளுக்குத்தான். பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைகளில் மலை மலையாக் கிடக்கும். தன் எடையைப் போல அஞ்சு மடங்குக்கு மேல ஈரம் பிடிக்கும். நல்லாக் காய வச்சு, ரெண்டு மூணு அங்குல உயரத்துக்குப் போடுங்க. காலில் ஒட்டிக்கிட்டு வரும், அதுதான் குறை. தட்டுக்கு முன்னால பழைய சாக்கு ஒண்ணு விரிச்சா பாதி உதிர்ந்துடும். மரத்தூளும் நல்லது, ஆனா பிளைவுட் அறுத்த தூள் வேணாம், அதில் பசை இருக்கு. பச்சை உமி ஈரத்தைப் பிடிக்காது, மூத்திரம் நேரா அடிக்குப் போயிடும். அதே உமியைக் கரியாக்கினா வேற கதை. ரெண்டு கைப்பிடி உமிக்கரியை நார்த்தூளோடு கலந்துட்டா நாத்தத்தை நல்லாவே இழுத்துக்கும்.

சாம்பலை மட்டும் யோசிச்சுப் போடுங்க. எருக்குழியில சாம்பலைக் கொட்டினா தழைச்சத்து ஆவியாப் போயிடும்னு நமக்குத் தெரியும். தட்டிலும் அதேதான் நடக்கும். மூத்திரத்தில் உள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாத்தும், சாம்பலின் காரம் அதைக் கிளப்பிவிடும். மூக்கைத் துளைக்கிற அந்த வாடை அதுதான். ஈரச் சாம்பல் பூனையின் பாதத்தையும் அரிக்கும்.

நாத்தத்துக்கு மருந்து தினமும் அள்ளுறதுதான். காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. பழைய ஜல்லிக்கரண்டி ஒண்ணை இதுக்குன்னே ஒதுக்கிடுங்க, அது திரும்ப அடுப்படிக்கு வரக்கூடாது. தினம் அள்ளுறதுல இன்னொரு பெரிய லாபம் இருக்கு. புதுசா வெளியே வந்த உறைகள் உடனே நோய் பரப்பாது, பக்குவப்பட ஒண்ணு முதல் அஞ்சு நாள் ஆகும். அன்னன்னைக்கு அள்ளிட்டா அதுக்கு நேரமே கிடைக்காது.

வாரம் ஒரு முறை முழுசாக் கொட்டிட்டு, சோப்புத் தண்ணியில தேய்ச்சு, கொதிக்கிற தண்ணி ஊத்தி, வெயில்ல கவுத்துப் போடுங்க. வாடை போகட்டும்னு பினாயில் ஊத்துறது நம்ம வீடுகள்ல வழக்கம். பூனைக்கு அது விஷம். பினால் வகைப் பொருளை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் பட்டதை நக்கியே உள்ளே இழுத்துக்கும். பிளீச்சிங் பவுடரும் வேணாம். மூத்திர அம்மோனியாவோடு சேர்ந்தா கிளம்புற புகை நமக்கே ஆபத்து, அந்த உறைகளும் அதுக்குச் சாகாது. சூட்டுக்குத்தான் சாகும்.

சூடுன்னதும் கம்போஸ்ட் குவியல் ஞாபகம் வரும். நல்லா வெந்த குவியலின் நடுவில் 60 டிகிரி வரும்தான். ஆனா ஓரம் வேகாது. மண்புழு உரத்தொட்டி பற்றிப் பேச்சே இல்லை, அந்தச் சூடு வந்தா புழுவே செத்துடும். அதனால பூனைக் கழிவும் தட்டில் இருந்த தூளும் காய்கறிக்குப் போகிற எந்த உரத்திலும் சேரக்கூடாது. கிணறு, வாய்க்கால், காய்கறிப் பாத்தி எல்லாத்துக்கும் தள்ளி, மேட்டில் ரெண்டடி ஆழத்துக்குத் தனிக் குழி எடுங்க. மழைத் தண்ணி இறங்காம சுத்தி வரப்பு கட்டுங்க. போடப் போட மேலே மண் தூவுங்க. நிறைஞ்சதும் மூடி, பக்கத்துல வேம்போ பூவரசோ கிளுவையோ நட்டுடுங்க. ரெண்டு வருஷம் அதைத் தோண்ட வேணாம்.

பகல்ல வெளியே திரியுற பூனைக்கும் ஓர் இடம் கொடுக்கலாம். ஓலைச் சாய்ப்புக்குக் கீழே, மழை படாத மூலையில, மூணடிக்கு மூணடி மண்ணைக் கொத்திவிட்டு மணலோ நார்த்தூளோ கொட்டிட்டா அதுதான் அதன் கழிப்பறை. தட்டில் இருந்து அள்ளின தூளை முதல் தடவை அங்கே கொஞ்சம் தூவினா, வாடை பிடிச்சு வந்துடும். அங்கேயும் தினம் அள்ளணும். அதோட மற்ற இடங்களை அதுக்குப் பிடிக்காம ஆக்கணும். விதைச்ச பாத்தி மேல கருவேல முள்ளோ தென்னங்கீற்றோ பரப்புங்க, நாத்து கையளவு வளர்ந்ததும் எடுத்துடலாம். மணல் குவியலுக்கு ஒரு தார்ப்பாய். குழந்தைகள் விளையாடுற மணலா இருந்தா கட்டாயம் மூடணும், பூனையின் குடற்புழு முட்டைகளும் அதில்தான் கிடக்கும்.

எல்லாம் சுத்தமா இருந்தும் பூனை திடீர்னு தட்டுக்கு வெளியே போனா அடிக்காதீங்க. தூளை மாத்தினீங்களா, தட்டை இடம் மாத்தினீங்களான்னு முதல்ல பாருங்க. ஆண் பூனை தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கி, ஒரு சொட்டும் வராம கத்தினா, அது மூத்திர அடைப்பு. கைமருந்து பார்த்துக்கிட்டு இருக்காம அன்னைக்கே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போகணும். ரெண்டு நாள் தாண்டினா பிழைக்கிறது கஷ்டம்.