கலைத்துப் போட்டாலும் நிற்குமா?

‘விளைச்சலைக் கூட்டும் மரபணு கண்டுபிடிப்பு’ என்று அடிக்கடி செய்தி வருகிறதே, ஒரே மரபணுவா விளைச்சலைத் தீர்மானிக்கிறது என்று கேட்கிறார் ஒரு வாசகர். இல்லை. பல மரபணுக்களோடு மண்ணுக்கும் தண்ணீருக்கும் அதில் பங்குண்டு. ஆய்வில் முதலில் சிக்குவதும் மரபணு அல்ல, குரோமோசோமில் ஒரு வட்டாரம்தான்.

1923-ல் கார்ல் சாக்ஸ் பீன்ஸ் விதையின் நிறமும் எடையும் சேர்ந்தே வருவதைக் கண்டார். 1989-ல் லேண்டர், பாட்ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள், இப்படி ஓர் அடையாளத்தை வைத்து வட்டாரத்தைத் தேடும் முறையைக் குரோமோசோம் முழுவதற்கும் விரித்தார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

இரண்டு நெல் ரகங்களைக் கலந்து, பேரப் பயிர்களை வளர்க்கிறோம். ஒவ்வொரு மார்க்கரிலும் (குரோமோசோமில் அடையாளமாகப் பயன்படும் இடம்), எந்தப் பாட்டன் ரகத்தின் துண்டு வந்திருக்கிறது என்று பார்த்துச் செடிகளைப் பிரித்து, சராசரி விளைச்சலை ஒப்பிடுகிறோம். நூற்றுக்கணக்கான மார்க்கர்களைத் துழாவினால், எங்காவது தற்செயலாகவே பெரிய வித்தியாசம் தென்படும். அதை எப்படி இனம் காண்பது?

ஆய்வாளர்கள் சர்ச்சிலும் டோர்ஜும் 1994-ல் சொன்ன வழி அழகானது. ஓர் உவமையில் பார்ப்போம்; மதிப்பெண்ணை விளைச்சலாகவும், விவரங்களை மார்க்கர்களாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் பேனா, மை, பை, செருப்பு என்று நூறு விவரங்களைச் சேகரித்து, மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். ‘ஊதா மைக்காரர்களுக்கு அதிக மதிப்பெண்’ என்று ஏதாவது ஒன்று கிடைத்தே தீரும். இப்போது மதிப்பெண் அட்டைகளை மட்டும் கலைத்து, கண்ணை மூடிக்கொண்டு விநியோகியுங்கள். அட்டைக்கும் மாணவருக்கும் இனி உறவே இல்லை. ஆனாலும் நூறு விவரங்களில் ஏதோ ஒன்றில் பெரிய வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்தின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி ஆயிரம் முறை. கலைக்கும் முன் கண்ட வித்தியாசம் அந்த ஆயிரத்தில் 950-ஐயாவது மிஞ்சினால்தான் ஊதா மையை நம்பலாம். ஊதாப் பேனா வைத்திருப்பவரிடம் ஊதா மைதான் இருக்கும். அந்த ஜோடி கலையவில்லை, கவனித்தீர்களா? பக்கத்துப் பக்கத்து மார்க்கர்களும் அப்படித்தான் ஒட்டியே வரும். அட்டையைக் கலைத்தாலும் அந்த ஒட்டுறவு அப்படியே இருக்கிறது. இதற்குத் தனிச் சூத்திரமே வேண்டாம்!

தேறிய வட்டாரத்தின் பலத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. நூறு செடிகளை வைத்துச் செய்த ஆய்வில், அதிர்ஷ்டமும் கைகொடுத்த வட்டாரங்களே தேறுகின்றன. அதனால் அவற்றின் பலம் ஊதிப்பெருத்துத் தெரியும்.

உறுதியாக நின்ற உதாரணம் சப்1. ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ நெல்லில், 9-வது குரோமோசோமில் உள்ள வட்டாரம் அது. 1996-ல் வந்த ஆய்வில், வெள்ளம் தாங்கும் திறனில் செடிக்குச் செடி இருந்த வேறுபாட்டில் ஏறத்தாழ 70 சதவீதத்தை அது ஒன்றே விளக்கியது. அதைச் சுவர்ணா ரகத்துக்குள் கொண்டுவந்தபோது, இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தும் பயிர் பிழைத்தது. 2009-ல் சுவர்ணா சப்1 இந்திய விவசாயிகளுக்கு வந்தது. விளைச்சலுக்கு அப்படியோர் ஒற்றை வட்டாரம் கிடைப்பது அரிது.