பட்டியலில் நம் வீடு

2011 ஜனவரி மாரிமழை மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை, பொலன்னறுவை மாவட்டங்களை வெள்ளக்காடாக்கியது. பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். ஐக்கிய நாடுகள் சபை 5 கோடியே 10 இலட்சம் டொலர் கேட்டு உலக நாடுகளுக்கு அவசர வேண்டுகோள் விடுத்தது. முழுத்தொகை சேருமுன்பே பெப்ரவரியில் மறுபடியும் வெள்ளம் வந்தது.

கேட்ட பணத்தைக் கொடுப்பது நாடுகளின் விருப்பம். அந்தத் தாமதத்தை ஈடுசெய்யவே, முன்கூட்டிச் சேர்த்த பணத்துடன் ஐ.நா. மத்திய அவசரகால நிதியம் 2006 முதல் இயங்குகிறது.

எந்த நிதி வந்தாலும், எந்த வீட்டுக்கு என்ன தேவை என்பதைக் கிராம உத்தியோகத்தரின் குடும்ப விபரப் பட்டியலே சொல்கிறது. அதுவே பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம் வழியாக மேலே போகிறது. நிலாவெளிப் பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான்: அடுத்த மாரிக்கு முன், கைக்குழந்தையும் படுக்கையிலுள்ள உம்மம்மாவும் அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.