விடைபெற்றுச் சென்ற போதகர்

தாதர் நிலையத்தில் திருநெல்வேலி வண்டி ஏறுவோரை, "எப்போது திரும்புவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், சற்றுத் தயங்கியே விடை சொல்வர். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நமக்கு வழியனுப்புதல் புதிதன்று. ஆயினும், சபையின் போதகர் நீண்ட ஓய்வு விடுப்பில் செல்கிறார் என்றால் கிறிஸ்தவக் குடும்பங்களில் தனிக் கவலையொன்று பிறக்கிறது. ஞானஸ்நானமும் திருமணமும் நடத்திவைக்கப் பிறிதொருவர் வந்துவிடுவார். நம் வீட்டுத் துன்பங்களை அறிந்தவர் வருவாரா?

ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாது ஓய விடுக என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். போதகர்க்கு ஓய்வுக்காலம் அளிக்கும் வழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுச் சபை வரலாற்றில் பெயர்பெற்ற ஒரு விடுப்பில் ஓய்வு சிறிதும் இருந்ததில்லை.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியரான சீகன்பால்க், 1714 அக்டோபரில் தம் சபையினரிடம் விடைபெற்று ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். டேனியக் கோட்டைத் தலைவரோடு அவருக்கு நெடுநாள் பிணக்கு. 1708ஆம் ஆண்டின் இறுதியில் சிறைப்பட்டு ஏறத்தாழ நான்கு திங்கள் உள்ளே கிடந்தவர் அவர். டென்மார்க் அரசரை நேரில் கண்டு பணிக்கு ஆதரவு தேடுவதே இப்பயணத்தின் நோக்கம். சபையையும் அச்சகத்தையும் உடன் ஊழியர் கிரண்ட்லரிடம் ஒப்படைத்தார்.

அப்போது புதிய ஏற்பாட்டின் தமிழ் அச்சுவேலை பாதியில் நின்றிருந்தது. சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் மட்டுமே முடிந்திருந்தன. ஹாலே நகரிலிருந்து வந்த எழுத்துகளோ பெரியவை, தாள் பற்றவில்லை. ஆகவே சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்க்க வேண்டியதாயிற்று. எஞ்சிய பகுதியைக் கிரண்ட்லர் 1715இல் அச்சிட்டு முடித்தார். மொழிபெயர்த்தவர் அந்நேரம் பல்லாயிரம் கல் தொலைவில் இருந்தார்!

சென்றவர் தமிழை விட்டுச் செல்லவில்லை. மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரை உடன் அழைத்துச் சென்றார். நாமோ விடுமுறைக்கு ஊர் சென்றால் பேச்சில் பாதி இந்தியைக் கலந்து உறவினரை நகைக்க வைக்கிறோம். அவர் கப்பலிலும் தமிழிலக்கணத்தோடே பொழுதைக் கழித்தார். இலத்தீனில் எழுதிய அந்நூல் 1716இல் ஹாலேயில் அச்சேறியது. இதற்கிடையே போர்ப் பாசறையில் டென்மார்க் அரசரைக் கண்டார், மணமும் புரிந்துகொண்டார், இலண்டனில் முதலாம் ஜார்ஜ் மன்னரையும் சந்தித்தார்.

1716 ஆகஸ்டில் மனைவியோடு சென்னையில் வந்திறங்கினார். விட்டுச் சென்ற சபை சிதறாமல் காத்திருந்தது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. 1719 பிப்ரவரியில், 36 வயதில், சீகன்பால்க் மறைந்தார். அடுத்த ஆண்டே கிரண்ட்லரும் காலமானார். சென்றுவந்தவரும் இருந்து காத்தவரும் அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர்.