ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய பின்



மருத்துவ உதவி பெற்ற குடும்பங்களை நலம் விசாரிக்கப் போகும்போது ஒன்றை அடிக்கடி காண்கிறோம். மாரடைப்பு வந்து திரும்பிய வாப்பா கூடத்துக் கட்டிலில் இருப்பார். கஞ்சியும் மாத்திரையும் நேரத்துக்கு வரும். அதே நோய் கண்ட உம்மாவோ பத்தாம் நாளே அடுப்படியில் நிற்பார். கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, அல்ஹம்துலில்லாஹ்" என்பார். அதை நம்பி நாமும் எழுந்து வந்திருக்கிறோம். அது தவறு.

மாரடைப்புக்குப் பின் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் கடும் மனச்சோர்வு வருகிறது. பெண்களுக்கு, குறிப்பாக வயது குறைந்தவர்களுக்கு, இது அதிகம். 55 வயதுக்கு உட்பட்ட நோயாளிகளிடம் நடந்த 'விர்கோ' ஆய்வில், மாரடைப்பு வந்த சமயத்திலேயே பெண்களில் சுமார் 39 சதவீதத்தினரிடமும் ஆண்களில் 22 சதவீதத்தினரிடமும் இதன் அறிகுறிகள் இருந்தன. மனம் சோர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுகிறார், நடைப்பயிற்சியை விடுகிறார், பசியும் தூக்கமும் கெடுகின்றன. இதயம் மறுபடியும் பாதிக்கப்படும் அபாயம் கூடுகிறது. இதனை ஓர் ஆபத்துக் காரணியாகவே கருத வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் 2014 அறிக்கை கூறியது.

ஆண்களுக்கும் இது வரும். ஆனால் பலரிடம் அழுகையாக அல்ல, எரிச்சலாகவும் மௌனமாகவும் விட்ட சிகரெட்டை மீண்டும் தொடுவதாகவும் வெளிப்படும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, தொழுகையிலும் மனம் ஒட்டவில்லை என்றால், தயவுசெய்து "ஈமான் பத்தவில்லை" என்று பேசிவிடாதீர்கள். மகனைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆனே சொல்கிறது. நபிக்கு வந்த துயரம் நம் வீட்டுப் பெண்ணுக்கு வரக்கூடாதா? துஆவும் கேளுங்கள், இதய டாக்டரிடமும் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. எந்த மாத்திரை இதயத்துக்கு ஒத்துவரும் என்பதை அவர் பார்த்துக் கொடுப்பார். நீங்களாக வாங்காதீர்கள், நிறுத்தவும் வேண்டாம்.

இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கும் ஆண்களைவிடப் பெண்கள் குறைவாகவே போகிறார்கள். வீட்டு வேலை ஒரு காரணம், கூட வர ஆளில்லாதது மற்றொன்று. மகன்களும் மருமகள்களும் சமையலைப் பங்கு போட்டுக்கொண்டால் முதல் காரணம் தீரும். இரண்டாவதற்கு டிரஸ்ட் அலுவலகத்தில் சொல்லுங்கள். துணைக்கு ஒரு பெண்ணையும் ஆட்டோவையும் இன்ஷா அல்லாஹ் ஏற்பாடு செய்கிறோம். இனி நலம் விசாரிக்க வரும்போது எங்கள் வீட்டுப் பெண்களையும் அழைத்து வருவோம். அவர்கள் உள்ளே போய்த் தனியாகப் பேசட்டும்.

அரசின் இலவச மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம்.