துரைமார் திட்டித் தீர்த்த எழுத்தாளர், தெரியுமா?

சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலில் ஓர் ஆடம்பர அறைக்கே ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு காலத்தில் இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே பல்லைக் கடித்தார்கள், தெரியுமா?

எல்லாம் ஒரு கொலையால் வந்த வினை! 1911 ஏப்ரல். கோலாலம்பூரில் ஒரு பள்ளிக்கூட பங்களா. தற்காலிகத் தலைமையாசிரியரின் மனைவி எத்தல் பிரவுட்லாக், வராந்தாவில் வைத்து வில்லியம் ஸ்டீவர்ட் என்பவரைச் சுட்டுத் தள்ளினார். துப்பாக்கியில் இருந்த ஆறு குண்டும் காலி! நீதிமன்றம் தூக்கு என்றது. சிலாங்கூர் சுல்தான் மன்னித்தார். 1921இல் மலாயா வந்த மாம் காதில் இது விழுந்தது. விடுவாரா? வழக்கைச் சிங்கப்பூருக்கு மாற்றி ‘தி லெட்டர்’ என்று கதையாக்கினார். 1926இல் புத்தகம், 1927இல் லண்டனில் நாடகம், 1940இல் பெட்டி டேவிஸ் நடித்த ஹாலிவுட் படம்! மாமுக்கு விருந்து வைத்த துரைமார் கொதித்துப் போனார்கள். உண்ட வீட்டுக்கே இரண்டகமா? (எனக்கு வேறு குறை: ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தமிழரை இந்த மனிதர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லையே!)

இன்னொன்று: மாம் முதல் தடவை வந்தபோது உட்லண்ட்ஸ் கடற்பாலமே கிடையாது! ரயில் உட்லண்ட்ஸ் கரையோடு சரி. அப்புறம் ஜொகூருக்குப் படகுதான். 1923இல் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கி, 1924 ஜூனில் முறைப்படி திறப்பு விழா. மறுபடி 1925இல் அவர் வந்தபோது நீரிணையை ரயிலிலேயே தாண்டலாம்.

மலாயாவில் வம்புக்காரர். திருவண்ணாமலையில்? அங்கேதான் ஆச்சரியம்! 1938இல் ரமணாசிரமம் போனவர் மயங்கி விழுந்தார். ரமணரே அவர் படுத்திருந்த இடத்துக்கு வந்து எதிரில் அமர்ந்தார். அது வெறும் மயக்கமல்ல, சமாதி நிலை என்று ஊரெல்லாம் பேச்சு. மாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் 1944இல் வந்த ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ நாவலில் வரும் குருவிடம் ரமணரின் சாயல் உண்டு. தலைப்பு எடுத்தது கடோபநிஷத்திலிருந்து!

வார இறுதியில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலில் பஸ் நகராமல் நின்றால் ‘தி லெட்டர்’ படியுங்கள். ஜொகூர் பாரு போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும். முடிவை மட்டும் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்!