ஆணியில் தொங்கும் விளம்பரம்

மார்கழி, தை மாதங்களில் பொள்ளாச்சிக்குச் சந்தைக்குப் போய்த் திரும்பும் நம்மவர் கையில், கோபாலபுரம் சோதனைச்சாவடியில் யாரும் வரி கேட்காத ஒரு சாமான் இருக்கும். சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட காலண்டர்! மண்டிக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் 'சும்மா' கொடுத்தது. சும்மாவா கொடுத்தார்கள்? அது விளம்பரமல்லவா!

இந்த வித்தை உலகமெங்கும் உண்டு. அமெரிக்காவில் கோக-கோலா நிறுவனம் 1891-லேயே காலண்டர் கொடுத்தது. விளம்பரக் காலண்டருக்கென்றே பிரவுன் அண்ட் பிகிலோ என்ற நிறுவனம் 1896-ல் செயின்ட் பால் நகரில் தொடங்கப்பட்டது. அங்கே படம் பெரும்பாலும் அழகிய பெண், இங்கே தெய்வம். கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் நிறுவி, தெய்வப் படங்களை ஏழை வீட்டுச் சுவருக்கும் கொண்டு வந்தார்.

மற்றதைச் சிவகாசி பார்த்துக்கொண்டது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் காலண்டருக்கு என்ன பஞ்சம்? நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்த கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில் தங்கி வரைந்த லட்சுமியும் முருகனும்தான் நம் வீட்டுச் சுவர்களில் இருந்தவர்கள்.

முறை எளிது. ஆடிப்பெருக்கன்று மாதிரி ஆல்பம் வெளியாகும். ஏஜெண்டு அதைக் கடை கடையாகக் காட்டுவார். படத்துக்குக் கீழே வெற்றுப் பட்டை ஒன்று இருக்கும். கடைக்காரர் பெயர் அதில் ஏறும். ஒரே கஜலட்சுமி நகைக்கடைக்கும் வருவாள், பூச்சிமருந்துக் கடைக்கும் வருவாள்! பத்திரிகை விளம்பரம் மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும். இதுவோ வருடம் முடிந்தாலும் இறங்காது. "சாமி படத்தைக் கிழிச்சு வீசுவாங்களா கண்ணு?" என்பார் எங்கள் பாட்டி. தேதி போனபின் படம் சட்டத்துக்குள் ஏறும், கடைப்பெயரோடு சேர்த்தே!

1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது சித்தூர் தாலுகாவும், தேவிகுளம், பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. மலையாளப் பள்ளியில் படித்த என் போன்றோருக்கு வீட்டில் இருந்த தமிழ் வாசகம் அந்தக் கீழ்ப்பட்டைதான். 'தேங்காய், வெல்லம், கமிஷன் மண்டி' என்று எழுத்துக்கூட்டினோம். ராகு காலம், கிருத்திகை, ஏகாதசி எல்லாம் அப்படி வந்தவையே. வியாபாரி நினைத்தது வேறு, நடந்தது வேறு.

இன்று தேதி பார்க்கக் கைபேசி போதும். ஆனாலும் உள்ளூர்க் கடை ஒன்று தந்த தினசரி காலண்டர் எங்கள் வீட்டில் தொங்குகிறது. பேத்தி அதில் நம் ஊர்ப் பெயரை வல்லின 'கோ' போட்டுப் படித்துவிட்டு, "என்ன தாத்தா, எழுத்துப் பிழை!" என்றாள். மலையாளத்தில் அந்த ஒலிக்குத் தனி எழுத்து இருக்கிறதே! பட்டையைக் காட்டிப் பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தேன்.