காணாமற் போன கோப்புகள்

பிறந்த ஊரை விட்டு வந்து புனே நகரிற் குடியேறிய நம் குடும்பங்களில், ஊரின் நினைவாக எஞ்சியிருப்பவற்றுட் பெரும்பகுதி இன்று இரும்புப் பெட்டியில் இல்லை, கணினியில் இருக்கிறது. பாட்டியாரின் குரற்பதிவு, ஊர்க் காணியின் பத்திரப் படிகள், பிள்ளையின் காதுகுத்துப் படங்கள், மறைந்த தந்தையார் எழுதிய கடிதங்கள் ஆகிய அனைத்தும் ஒரே பொறியினுள் அடங்கிக் கிடக்கின்றன. அப்பொறியின் விண்டோஸ் பதிப்பை மாற்றிய மறுநாட் காலையில் கோப்புறையைத் திறந்தால் அங்கே ஒன்றுமில்லை என்றால், வீட்டார் நெஞ்சம் எவ்வாறு பதறும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. அதன் பொருட்டுப் பதிப்பு மாற்றும் அன்பர்களுக்கு உதவுமென்றே இதனை எழுதத் துணிந்தோம்.

இது வீண் அச்சமன்று. 2018 அக்டோபர் 2-ஆம் நாள் விண்டோஸ் 10-இன் 1809 என்னும் பதிப்பு வெளிவந்தது. சில நாட்களுக்குள்ளாகவே அதன் விநியோகத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. காரணம், அதனை ஏற்றிக்கொண்டவர்களிற் சிலருடைய ஆவணங்களும் படங்களும் அடியோடு மறைந்தமையே. இழப்பைத் தெரிவித்தவர்கள் பத்தாயிரத்தில் ஒருவரே என நிறுவனம் கணக்குக் கூறியது. அந்த ஒருவருடைய வீட்டில் அது பெரிய கணக்குத்தான்!

நடந்தது இதுவே. சி டிரைவில் இடம் போதாமல், தம் ஆவணக் கோப்புறையை டி டிரைவுக்குத் திருப்பிவிட்டவர்கள் சிலர் உண்டு. அவர்களுட் சிலருடைய பழைய கோப்புகள் இடம் மாறாமல் முன்னிருந்த கோப்புறையிலேயே தங்கியிருந்தன. இதற்கு முந்திய பதிப்பில், இவ்வாறு திருப்பியவர்களுடைய கணினிகளில் ஒரே பெயரில் வெற்றுக் கோப்புறைகள் இரட்டையாகத் தோன்றுகின்றன என்ற குறை எழுந்தது. அவ்வெற்றுக் கோப்புறைகளை நீக்கவே 1809-இல் புதிய நிரற்பகுதி ஒன்றைச் சேர்த்தார்கள். அதுவோ பழைய கோப்புறையையும் அதனுள் இருந்தவற்றையும் சேர்த்து அழித்துவிட்டது. காலிப் பெட்டி என்று எண்ணி நகைப்பெட்டியைக் குப்பையில் எறிந்த கதைதான்.

இதைவிட நம்மை வருத்துவது வேறொன்று. பதிப்பு வெளிவருமுன்பே, அதைச் சோதித்துப் பார்த்த தன்னார்வலர் சிலர் கோப்புகள் அழிவதை எழுதித் தெரிவித்திருந்தனர். ஆயினும் ஒரு குறையை எத்தனை பேர் வழிமொழிந்தார்கள் என்பதே அங்கே முதன்மை பெற்றமையால், பலர் கூறிய சிறு குறைகள் மேலே மிதக்க, சிலர் கூறிய பெரும் நாசம் அடியில் ஆழ்ந்துபோயிற்று. குறையின் கடுமையையும் குறிக்கும் வசதியைப் பின்னரே சேர்த்தார்கள். பிழை நீக்கிய பதிப்பு 2018 நவம்பர் 13-ஆம் நாள் மீண்டும் வெளிவந்தது.

கோப்புகளை இழந்தவர்களுக்கு அந்நாளில் நிறுவனம் கூறிய முதல் அறிவுரை, கணினியை இயன்றவரை பயன்படுத்தாதிருங்கள் என்பதே. இதனை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் நலம். 1961 ஜூலை 12-ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்து முட்டா நதியின் வெள்ளம் இந்நகரத்துட் புகுந்தது. வெள்ளத்தில் நனைந்த காகிதத்தைக் கையில் எடுத்து வெயிலில் உலர்த்தலாம். மை கரைந்ததா, எஞ்சியதா என்பது கண்ணுக்குத் தெரியும். கணினியின் அழிவு அவ்வாறு தெரிவதில்லை. சுழலும் ஹார்டு டிஸ்கில் ஒரு கோப்பை அழித்தால், பதிவேட்டிலிருந்து பெயர் அடிக்கப்படுகிறதே ஒழிய, குடியிருந்தவர் உடனே வெளியேறுவதில்லை. அவ்விடத்தில் புதுக் குடித்தனக்காரர் வந்து புகுந்த பின்னரே பழையவர் அழிகிறார். பதற்றத்தில் நாம் இணையத்தை மேய்வதும், மீட்கும் மென்பொருளை அதே டிரைவில் இறக்குவதும் புதுக் குடித்தனக்காரரை நாமே அழைத்துவருவதற்கு ஒப்பாகும். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைச் சேமிப்பில் நிலைமை இன்னும் கடுமையானது. அழிக்கப்பட்ட இடத்தை அது தானாகவே துடைத்துவைத்துக்கொள்ளும். ஆதலின் மீட்புக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

எனினும் மறைந்தவை யாவும் அழிந்தவை அல்ல. 2020 பிப்ரவரி 11-ஆம் நாள் வந்த அப்டேட் ஒன்றை ஏற்றிய சிலர், மேசைத்திரை வெறுமையாகி அனைத்தும் போயிற்றென்று கலங்கினார்கள். உண்மையில் அவர்களுடைய கணக்கின் கோப்புறைதான் பெயர் மாறி, இறுதியில் '.000' அல்லது '.பேக்' என்னும் ஒட்டுடன் சி டிரைவின் யூசர்ஸ் கோப்புறையிலேயே இருந்தது. எனவே முதலில் அங்கே பார்க்க வேண்டும். விண்டோஸ் 11-இல் ஒன்டிரைவ் தானே ஆவணங்களைத் தன்னிடம் வாங்கிக்கொள்வதும் உண்டாதலால், அந்தக் கோப்புறையையும் பார்க்க வேண்டும். பழைய கோப்புகளை வைத்துக்கொள்ளாமல் பதிப்பு மாற்றியிருந்தால், 'விண்டோஸ்.ஓல்டு' என்னும் கோப்புறையில் அவை இருக்கக்கூடும். அது பெரும்பாலும் பத்து நாட்களில் தானே நீங்கிவிடுமாகையால் நாட்கடத்தலாகாது. இவை எங்கும் இல்லையெனில், மைக்ரோசாப்ட் 2020-இல் இலவசமாக வெளியிட்ட 'விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி' உண்டு. மீட்ட கோப்புகளை வேறொரு டிரைவிலே சேமிக்க வேண்டும் என்பது அதன் விதி. அதில் கட்டளைகளைத் தட்டெழுத வேண்டியிருப்பதால், பழக்கமில்லாதவர்கள் கணினியை அணைத்து, மீட்புத் தொழில் அறிந்தவரிடம் ஒப்படைப்பதே மேல்.

தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய சங்கடமும் ஒன்றுண்டு. கோப்பு கிடைத்துவிடும்; திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். கெட்டுவிட்டதென்று அதை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அது கெடவில்லை. ஒருங்குறி வழக்கிற்கு வருமுன் பாமினி, டிஸ்கி, டாப் முதலான எழுத்துமுறைகளில் தட்டெழுதிய கடிதங்கள், அவற்றிற்குரிய எழுத்துரு புதிய கணினியில் இல்லாதபோது அவ்வாறுதான் தோன்றும். தமிழ்நாட்டு அரசு 1999-இல் டாப், டாம் முறைகளை ஏற்றது. 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்துக் கடிதங்களும் கட்டுரைகளும் இன்னும் பல வீடுகளில் அப்படியே கிடக்கின்றன. பழைய எழுத்துருவை நிறுவிப் படிக்கலாம். அல்லது ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகளைக்கொண்டு மாற்றலாம். மாற்றும்போது மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடலாகாது. பாமினியை டிஸ்கி என்றெண்ணி மாற்றினால் கடிதம் முன்னிலும் குழம்பும். மூலம் கைவசம் இருந்தால் மறுமுறை சரியான முறையில் முயலலாம்.